வாசகர் கேள்வி: போர்க்களம் கண்ட கதாசிரியர்

கேள்வி: தில்லியில் ஸ்பானிய மொழி பயின்று வருகிறேன். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுவான் மனுவேல் என்ற பிரபுவின் கதைகளில் நம் பஞ்சதந்திரத்தின் சாயல் உண்டு என்று வகுப்பில் கேள்விப்பட்டேன். சொந்த அரசரையே எதிர்த்துப் போரிட்ட ஒருவர் நீதிக்கதை எழுதியது எப்படி?
– வாசகர், கரோல் பாக், புது தில்லி

பதில்: சாயல் இருப்பது உண்மையே. 6-ஆம் நூற்றாண்டில் பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழிக்கும் 8-ஆம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும் சென்ற பஞ்சதந்திரக் கதைகள், 1251-இல் காஸ்டிலிய மொழிக்கு, அதாவது பழைய ஸ்பானிய மொழிக்கு, வந்தன. அந்த மொழிபெயர்ப்புக்குக் காரணமானவர், பின்னர் பத்தாம் அல்ஃபோன்சோ என்ற பெயரில் காஸ்டில் நாட்டை (இன்றைய ஸ்பெயினின் ஒரு பகுதி) அரசாண்ட, ஹுவான் மனுவேலின் பெரியப்பா. ஹுவான் மனுவேல் 1335-இல் முடித்த 'லூக்கனோர் பிரபு' நூலில், பிரபு தம் சிக்கலைச் சொல்ல, ஆலோசகர் பத்ரோனியோ ஒரு கதை வழியாக விடை தருகிறார். மாவுப் பானையை வைத்து மனக்கோட்டை கட்டிய நம் அந்தணர், அங்கே தேன் பானையைத் தலையில் சுமந்து சந்தைக்குப் போகும் த்ருவானா என்ற பெண்ணாக வருகிறார். காகங்கள் ஆந்தைகளை ஏமாற்றி அழித்த கதையும் அந்நூலில் உண்டு.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு அவருடைய வாழ்க்கையே விடை சொல்கிறது. 1282-இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்தில் அரியணை ஏறிய பதினொன்றாம் அல்ஃபோன்சோவின் சார்பில் ஆட்சிப் பொறுப்பை வகித்தவர்களுள் ஒருவர். 1325-இல் ஆட்சியைத் தாமே ஏற்ற அரசர், ஹுவான் மனுவேலின் மகள் கொன்ஸ்தான்சாவை மணப்பதாக ஏற்பாடு செய்துகொண்டு, பிறகு அவளைத் தோரோ நகரில் காவலில் வைத்துவிட்டுப் போர்ச்சுகல் இளவரசியை மணந்தார். அந்த அவமதிப்பைப் பொறாத தந்தை, அரசருக்கான விசுவாசத்தை வெளிப்படையாகத் துறந்து படையெடுத்தார். ஆண்டுகள் பல கழித்துச் சமாதானமாகி, 1340-இல் சலாதோ ஆற்றுப் போரில் அதே அரசரின் பக்கம் நின்றார். பகைவரின் ஆள் அடைக்கலம் கேட்டு வந்தால் நம்பலாமா என்ற லூக்கனோரின் கேள்வி, இத்தகைய மனிதருக்கு அன்றாட அரசியல் கவலை. அதனால்தான் அவருடைய கதைகளில் வறட்டு உபதேசத்தின் வாடை இல்லை என்று நான் கருதுகிறேன்.

மூலத்தின் மொழி பழையது. ஆகவே இக்கால ஸ்பானிய நடையில் அமைந்த பதிப்பு ஒன்றைத் தேடுங்கள். முதலில் பதினோராம் கதையைப் படியுங்கள். மந்திரக் கலை கற்கத் தொலேடோ நகருக்கு வரும் பாதிரியார் ஒருவர், கைம்மாறு செய்வதாக ஆசிரியருக்கு வாக்களிக்கிறார். ஆயர் (பிஷப்), கர்தினால், திருத்தந்தை (போப்) என்று உயர உயர, ஒவ்வொரு முறையும் அந்த வாக்கைத் தட்டிக்கழிக்கிறார். மகளுக்குக் கொடுத்த வாக்கு முறிந்ததைக் கண்ட தந்தை எழுதிய கதை என்ற நினைவோடு அதைப் படித்துப் பாருங்கள்.