ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமல் கியர் மாற்றலாமா?

கேள்வி: என்னிடம் ஆறு கியர் கொண்ட மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. டர்போ இன்ஜின். மூடிய பந்தயத் தடத்தில் மட்டுமே வேகமாக ஓட்டுகிறேன். மேல் கியருக்கு மாறும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடியே, கிளட்சை மட்டும் தட்டி கியரைத் தள்ளினால் நேரம் மிச்சமாகும் என்று உடன் ஓட்டுபவர்கள் சொல்கிறார்கள். இன்ஜின் வேகத்துக்கு வரம்பிடும் ரெவ் லிமிட்டர் இருப்பதால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாதாம். இது சரியா? கிளட்ச் தாங்குமா?

பதில்: உங்கள் காரின் இன்ஜின் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டரில் இதற்கென்றே ஒரு வசதி இருந்தால் செய்யலாம். இல்லையென்றால் செய்ய வேண்டாம். லிமிட்டரை நம்பிச் செய்வது இரண்டாவது வகையில்தான் சேரும். ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் உங்கள் காரில் எதைச் செய்யலாம் என்று நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதலில், இந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. கிளட்ச் மிதிபட்டிருக்கும் நேரம் முழுவதும் சக்கரங்களுக்கு விசை போவதில்லை. கார் நொடிக்கு 5 மீட்டர்/விநாடி என்ற அளவில் வேகம் கூட்டிக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றத்தில் 0.2 விநாடி மிச்சப்படுத்தினால், அந்த இடத்தில் மணிக்கு 3.6 கிலோமீட்டர் கூடுதல் வேகம் கையில் இருக்கும். நேர்ப்பாதையில் மூன்று முறை கியர் மாற்றுபவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. டர்போ காரில் இன்னொரு ஆதாயமும் உண்டு. அதில் வெளியேறும் புகை டர்பைன் என்ற சக்கரத்தைச் சுழற்ற, அந்தச் சுழற்சி இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்புகிறது. காலை எடுத்தால், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் வால்வு மூடிக்கொள்கிறது. அழுத்திய காற்று வழியில்லாமல் பைபாஸ் வால்வு வழியாகத் திருப்பி விடப்படுகிறது. வெளியேறும் புகையின் ஓட்டம் குறைந்து டர்பைனும் வேகம் இழக்கிறது. அடுத்த கியர் விழுந்த பிறகு அழுத்தம் மீண்டும் ஏறுவதற்குக் காத்திருக்க வேண்டும். த்ராட்டில் திறந்தே இருந்தால் இந்தக் காத்திருப்பு பெருமளவு இல்லாமல் போகும். டர்போ இல்லாத இன்ஜினில் இந்த இரண்டாவது ஆதாயம் கிடையாது. அத்தகைய கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பழக்கத்துக்கு ஆசைப்படுவதில் பெரிய பொருள் இல்லை என்பது என் கருத்து.

இப்போது உள்ளே நடப்பதைப் பார்ப்போம். 2-வது கியரின் விகிதம் 2.1, 3-வது கியரின் விகிதம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். 7,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுழற்சி) கியரை மாற்றினால், அதே கார் வேகத்துக்கு 3-வது கியரில் இன்ஜின் சுமார் 4,670 ஆர்பிஎம்மில் சுழல வேண்டும். அதாவது இடையில் உள்ள 2,330 ஆர்பிஎம் எங்காவது கரைந்தாக வேண்டும். நீங்கள் காலை எடுத்தால் இன்ஜின் தன் சொந்த உராய்வாலேயே அதில் ஒரு பகுதியை இழந்துவிடும். மீதியைத்தான் கிளட்ச் விழுங்கும். காலை எடுக்காவிட்டால் நிலைமை தலைகீழ். கிளட்ச் மிதிபட்ட கணமே சுமை நீங்கிய இன்ஜின் மேலே பாய்கிறது. லிமிட்டர் 7,500-ல் இருந்தால் அங்கே போய் முட்டி நிற்கிறது. இறங்க வேண்டிய தூரம் 2,330-லிருந்து 2,830 ஆகிவிட்டது. அதோடு, கிளட்ச் கவ்வத் தொடங்கும்போது இன்ஜின் முழு டார்க்கில் (சுழற்றும் விசையில்) அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

எண்ணில் சொன்னால் வேறுபாடு தெளிவாகும். இன்ஜினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு சேர்த்து இன்ஜினின் சுழல் நிலைமம் 0.2 கிலோகிராம் சதுர மீட்டர், டார்க் 400 நியூட்டன் மீட்டர், கிளட்ச் வழுக்கும் நேரம் 0.3 விநாடி என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டேன். காலை எடுத்து மாற்றினால் கிளட்ச் தட்டில் உருவாகும் வெப்பம் அதிகபட்சம் 6 கிலோஜூல். காலை எடுக்காமல் மாற்றினால் ஏறக்குறைய 27 கிலோஜூல். ஒரே ஒரு கியர் மாற்றத்துக்கு நான்கு மடங்குக்கும் மேல். ஒவ்வொரு சுற்றிலும் ஏழெட்டு முறை இப்படி மாற்றினால் தட்டுக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. சூடேறிய தட்டில் உராய்வு குறையும். உராய்வு குறைந்தால் வழுக்கும் நேரம் நீளும். நேரம் நீண்டால் வெப்பம் இன்னும் கூடும். கிளட்ச் படிப்படியாகத் தேயாமல் ஒரே நாளில் எரிந்துபோவது இந்தச் சுழலில்தான்.

சில கார்களில் கிளட்ச் எண்ணெய்க் குழாயில் ஓட்டத்தைத் தடுக்கும் சிறு வால்வு ஒன்று இருக்கும். பல பிஎம்டபிள்யூ மேனுவல் கார்களில் இது உண்டு. காலைச் சட்டென்று விட்டாலும் கிளட்ச் மெதுவாகவே கவ்வட்டும், அதிர்ச்சி குறையட்டும் என்பதற்காக வைத்தது. முழு த்ராட்டிலில் மாற்றும்போது இதே வால்வு வழுக்கலை நீட்டித்து, மேலே சொன்ன வெப்பத்தைப் பெருக்கிவிடும்.

கியர்பாக்ஸைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் மிதிபட்டிருப்பதால் கியர் நுழையும் முன் வேகங்களைச் சமன்செய்யும் சிங்க்ரோனைசர் வளையங்கள் தேயும் என்பார்கள். கிளட்ச் முழுவதும் விடுபட்டிருந்தால், இன்ஜின் எந்த வேகத்தில் சுழல்கிறது என்பது சிங்க்ரோனைசருக்குத் தெரியவே தெரியாது. அது வேகம் குறைக்க வேண்டியது கிளட்ச் தட்டையும் உள்வரும் தண்டையும் மட்டும்தான். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அவசரத்தில் யாரும் கிளட்சை முழுவதும் மிதிப்பதில்லை. பாதி விடுபட்ட கிளட்சில், 7,500-ல் சுழலும் இன்ஜின் அந்தத் தண்டை இழுத்துக்கொண்டே இருக்கும்போது கியரை நுழைத்தால், விரலளவு அகலம்கூட இல்லாத அந்தக் கூம்பு வளையம் முழு இன்ஜினோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அது தோற்றுவிடும். பற்கள் உரசும் ஓசையாக அதைக் கேட்பீர்கள்.

கிளட்சே மிதிக்காமல், காலையும் எடுக்காமல் கியரை இழுத்துவிடலாம் என்று முயல்பவர்களுக்கு ஒரு வரி. டார்க் பாயும்போது கியர் தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் பிடிப்புப் பற்கள் பின்சாய்வாகவே வெட்டப்பட்டிருக்கின்றன. டார்க் ஒரு கணமாவது அறுபடாமல் கியர் வெளியே வராது. பந்தய மோட்டார்சைக்கிள்களில் கிளட்ச் இல்லாமல் மாற்ற முடிவது, குயிக்‌ஷிஃப்டர் என்ற கருவி அந்தக் கணத்தில் தீப்பொறியை நிறுத்துவதாலும், அவற்றின் கியர்பாக்ஸில் சிங்க்ரோனைசருக்குப் பதில் நேரடியாகக் கோத்துக்கொள்ளும் பெரிய பற்கள் (டாக் கியர்) இருப்பதாலும்தான்.

வண்டியின் மற்ற பாகங்களையும் மறக்கக் கூடாது. முழு டார்க்கோடு கிளட்ச் கவ்வும் அதிர்ச்சி இரு பகுதிகளைச் சுருள்வில்களால் இணைத்த இரட்டை நிறை ஃப்ளைவீலில் தொடங்கி, சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிஃபரென்ஷியல், அச்சுத் தண்டுகள், மூட்டுகள் வரை பயணிக்கிறது. 1960-களின் அமெரிக்க டிராக் பந்தயங்களில் (நேர்க்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயங்கள்) நான்கு கியர் கார்களை இப்படித்தான் ஓட்டினார்கள். ரோனி சாக்ஸ் அதில் பெரும் பெயர் பெற்றவர். அங்கே ஓட்டம் கால் மைலோடு முடிந்துவிடும், வண்டியை அடிக்கடி பிரித்து உதிரிபாகம் மாற்றவும் செய்வார்கள். இருபது நிமிடம் தொடர்ந்து சுற்றிவிட்டு அதே காரில் வீடு திரும்ப வேண்டிய உங்களுக்கு அந்த முறை பொருந்தாது.

இனி லிமிட்டர். அது எரிபொருளையோ தீப்பொறியையோ நிறுத்தி, இன்ஜின் தன் சக்தியால் எல்லை மீறுவதைத் தடுக்கிறது. அவ்வளவுதான். சக்கரங்கள் இன்ஜினைப் பிடித்துச் சுழற்றினால் லிமிட்டரால் எதுவும் செய்ய முடியாது. 3-வது கியரில் 7,000 ஆர்பிஎம்மில் இருந்து 4-க்கு இழுக்கும்போது கை சற்று இடப்பக்கம் சாய்ந்து 2-ல் விழுந்துவிட்டால், மேலே சொன்ன விகிதங்களின்படி இன்ஜின் 10,500 ஆர்பிஎம்முக்குத் தள்ளப்படும். வால்வுகளை மூடும் சுருள்வில்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், பிஸ்டன் வால்வை முட்டும். காலை எடுக்காமல் மாற்றப் பழகுபவர்களின் கை அவசரப்படுகிறது. அவசரப்படும் கையே இந்தத் தவறைச் செய்கிறது. இன்ஜின் எல்லை மீறிச் சுழன்ற விவரம் கம்ப்யூட்டரில் பதிவாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். போர்ஷே கார்களில் அது வேக நிலைகளாகப் பிரித்துச் சேமிக்கப்படுகிறது; பழைய போர்ஷே வாங்குபவர்கள் முதலில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அப்படியானால் தொழிற்சாலையிலேயே வரும் வசதி எப்படிப் பாதுகாப்பாகிறது? 2008-ல் வந்த ஷெவ்ரோலே கோபால்ட் எஸ்எஸ் டர்போவில் ஜெனரல் மோட்டார்ஸ் ‘நோ லிஃப்ட் ஷிஃப்ட்’ என்ற பெயரில் இதைக் கொடுத்தது. காடிலாக் சிடி4-வி பிளாக்விங், சிடி5-வி பிளாக்விங் மேனுவல் கார்களிலும் இது இருக்கிறது. ஆக்ஸிலரேட்டர் முழுவதும் அழுந்தியிருக்கும்போது கிளட்ச் மிதிபட்டால், ஓட்டுநர் கியர் மாற்றுகிறார் என்று கம்ப்யூட்டர் புரிந்துகொள்கிறது. உடனே இன்ஜினின் டார்க்கைத் தானே வெட்டி, ஆர்பிஎம் மேலே பாயாமல் பிடித்து வைக்கிறது. டர்போ அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. கிளட்ச் கவ்வியதும் டார்க்கைத் திருப்பித் தருகிறது. உங்கள் கால் அசையவில்லை. ஆனால் கால் செய்ய வேண்டிய வேலை நடந்துவிட்டது. கியர் மாற்றத்தின் இடைவெளியில் டார்க்கை யாராவது குறைத்தே ஆக வேண்டும். கால் குறைக்கலாம், கம்ப்யூட்டர் குறைக்கலாம். இருவரும் குறைக்காவிட்டால் அந்தச் சுமை கிளட்சின் தலையில் விழும்.

உங்கள் காரில் இந்த வசதி உண்டா என்பதை உரிமையாளர் கையேடே சொல்லும். சில கார்களில் குறிப்பிட்ட ஓட்ட முறையைத் தேர்ந்தெடுத்தால் மட்டுமே இயங்கும். கையேட்டில் ஒரு சொல்லும் இல்லையென்றால் வசதி இல்லை என்று கொள்ளுங்கள். கீழ் கியருக்கு மாறும்போது ஆர்பிஎம்மைத் தானாக உயர்த்தும் வசதி இருப்பதால் இதுவும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். இரண்டும் வேறு.

மோடெக், ஹால்டெக், லிங்க் போன்ற நிறுவனங்களின் தனி இசியுக்களில் (இன்ஜின் கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர்களில்) இந்த வசதியைப் பொருத்திக்கொள்ள முடியும். அந்த வழியில் போவதென்றால் கிளட்ச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். பல கார்களில் இரண்டு சுவிட்சுகள் இருக்கும்: மிதி சற்றே அசைந்ததும் இயங்கும் மேல் சுவிட்ச், அடிவரை போனால் இயங்கும் கீழ் சுவிட்ச். கீழ் சுவிட்சைப் பயன்படுத்தினால், மிதி மேலே வரத் தொடங்கியதுமே இன்ஜினுக்கு முழு டார்க் திரும்பிவிடும்; கிளட்ச் இன்னும் கவ்வியிருக்காது. இன்ஜின் பாய்ந்து உச்சத்தில் இருக்கும் அந்தக் கணத்திலேயே தட்டுகள் தொடும். வசதியே இல்லாததைவிட இது மோசம். மேல் சுவிட்சிலோ வெட்டு தேவைக்கு மேல் நீளும். கிளட்ச் கவ்வும் புள்ளிக்குச் சற்று மேலே இயங்கும்படி தனியாக ஒரு சுவிட்ச் வைத்து அமைப்பதே சரி. தீப்பொறியை மட்டும் வெட்டும் அமைப்பில் எரியாத எரிபொருள் வெளியேறும் குழாய்க்குள் போய் எரியும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். வெடியோசை கேட்க நன்றாக இருக்கலாம். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அந்தச் சூட்டில் உருகிவிடும்.

வசதி இல்லாத காரில் என்ன செய்வது? வேகமாகக் காலை எடுக்கக் கற்றுக்கொள்வதுதான். இதில் கிடைக்கும் முன்னேற்றத்தைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எழுவதும் கிளட்ச் இறங்குவதும் ஒரே அசைவாக நடக்க வேண்டும். காலை முழுவதும் தூக்க வேண்டியதில்லை. டார்க் அறுபடும் அளவுக்குத் தளர்த்தினால் போதும். கிளட்ச் மிதிபடுவதற்கு ஒரு நொடிப்பொழுது முன்பே கியர் தடியில் மெல்லிய அழுத்தம் கொடுத்து வைத்தால், டார்க் அறுந்ததும் அது தானாக நடுநிலைக்கு வந்துவிடும். 2-லிருந்து 3-க்குப் போகும்போது தடியை இறுகப் பிடிக்காமல் உள்ளங்கையால் தள்ளுங்கள். நடுவரிசைக்குக் கொண்டுவரும் வேலையைத் தடியின் சுருள்வில்லே செய்யும். 3-லிருந்து 4-க்கு நேராக இழுங்கள், பக்கவாட்டில் எந்த அழுத்தமும் வேண்டாம். லிமிட்டரைத் தொடும்வரை காத்திராமல் சில நூறு ஆர்பிஎம் முன்னதாகவே மாற்றினால் இந்த அசைவுகளுக்கு இடம் கிடைக்கும்.

சில புதிய கார்களில் காலை எடுத்தாலும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருக்கும். புகை மாசைக் குறைக்க த்ராட்டிலைக் கம்ப்யூட்டர் மெதுவாக மூடுவது இதற்கு ஒரு காரணம். காலை எடுத்தும் பயனில்லை என்ற எரிச்சலில்தான் பலர் எடுக்காமலே மாற்றத் தொடங்குகிறார்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரிகிறது. அத்தகைய காரில் காலைச் சற்று முன்னதாக எடுப்பதும், தேவைப்பட்டால் இசியு அமைப்பை நம்பகமான வல்லுநரிடம் திருத்திக்கொள்வதும்தான் தீர்வு.

வசதி இருக்கும் காரிலும் வளைவின் நடுவில் இதைப் பயன்படுத்த வேண்டாம், ஈரத் தடத்திலும் வேண்டாம். கிளட்ச் கவ்வும் அதிர்ச்சியில் பின்சக்கரங்கள் பிடி இழந்தால் திருத்த நேரம் இருக்காது.

நண்பர்களின் பேச்சைக் கேட்டு ஏற்கெனவே சில முறை செய்து பார்த்திருந்தால் காரைச் சோதித்துவிடுங்கள். ஆளில்லாத நேர்ப்பாதையில் 4-வது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் இருந்து முழுவதும் மிதியுங்கள். கார் வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. நிறுத்தி வைத்து இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதிப்பதும் விடுவதுமாகக் கவனியுங்கள். கடகடவென்ற உலோக ஓசை வந்து மறைந்தால் ஃப்ளைவீலைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த கியர்பாக்ஸில் 3-வது கியர் உரசினால் அதன் சிங்க்ரோனைசர் தேயத் தொடங்கியிருக்கலாம். முதலில் எண்ணெயை மாற்றிப் பாருங்கள், தயாரிப்பாளர் சொன்ன வகையையே ஊற்றுங்கள். கிளட்ச் மாற்ற வேண்டி வந்தால் ஃப்ளைவீலின் பரப்பையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்த புள்ளிகளோ மயிரிழை விரிசல்களோ இருந்தால் அதன்மேல் புதிய தட்டைப் பொருத்த அனுமதிக்காதீர்கள்.