யாருடைய புகார் நாட்டின் புகார் ஆகிறது?

அன்புள்ள ஐயா,

வணிகப் போர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், பெருநிறுவனங்கள் அரசியலையும் தொண்டு நிறுவனங்களையும் பத்திரிகைகளையும் தங்கள் பக்கம் வளைத்துக்கொள்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். நான் சின்னமனூர் பக்கம் ஜி-9 வாழை போடுகிறவன். எங்கள் காய் வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. ஒரு நிறுவனம் தன் தொழிலுக்காக அரசாங்கத்திடம் போய் நிற்பதில் என்ன தப்பு? நாங்களும்தான் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். தர்மத்துக்குக் கொடுப்பதையும் சந்தேகப்பட வேண்டுமா? நிருபர்கள் எல்லாரும் விலை போய்விட்டார்கள் என்கிறீர்களா? பொத்தாம்பொதுவாக இல்லாமல், நடந்த ஒன்றை வைத்துச் சொல்லுங்கள்.

க., சின்னமனூர்

*

அன்புள்ள க.,

வாழை விவசாயி கேட்கிறீர்கள், வாழையை வைத்தே சொல்கிறேன்.

1993 ஜூலையில் ஐரோப்பிய நாடுகள் வாழைப்பழ இறக்குமதிக்கு ஒரே பொது விதியைக் கொண்டுவந்தன. பிரிட்டனும் பிரான்சும் தங்கள் பழைய காலனி நாடுகளுக்குச் சலுகை வேண்டும் என்று நின்றன. கரீபியன் கடலில் டொமினிக்கா, செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா என்று சின்னச் சின்னத் தீவுகள் உண்டு. அங்கே மலைச்சரிவில் இரண்டு மூன்று ஏக்கரில் குடும்பமாக வாழை போடுவார்கள். மத்திய அமெரிக்காவின் பிரம்மாண்டத் தோட்டங்களோடு விலையில் அவர்களால் போட்டியிடவே முடியாது. அதனால் அவர்கள் பழத்துக்கு வரி இல்லை. லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு வரியும், இவ்வளவுதான் வரலாம் என்ற கோட்டாவும் வந்தன. இறக்குமதி லைசென்ஸில் ஒரு பங்கு தீவுப் பழத்தை விற்றுவந்த வணிகர்களுக்குப் போனது.

இதில் பெரிய அடி வாங்கியது அப்போது அமெரிக்காவின் சின்சினாட்டி நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வாழைப்பழ நிறுவனமான சிகீட்டா. ஐரோப்பியச் சந்தை திறக்கும் என்று நம்பி, கடன் வாங்கிக் கப்பலும் தோட்டமுமாக விரிந்திருந்த நிறுவனம் அது. 1994 செப்டம்பரில், வெளிநாட்டு வணிக விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் வர்த்தகப் பிரதிநிதியிடம் மனு போட்டது. அந்த மனுவுக்கு இடம் தரும் சட்டம், அமெரிக்க வணிகத்துக்கு வெளிநாடுகள் தடை போட்டால் கேட்பதற்கென்று வந்த சட்டம். ஆனால் அமெரிக்கா வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் நாடே இல்லை. ஹவாயில் கொஞ்சம் விளைகிறது, அதை அங்கேயே சாப்பிட்டுவிடுகிறார்கள். சிகீட்டாவின் தோட்டங்களில் தார் வெட்டியவர்கள் ஹோண்டுராஸிலும் பனாமாவிலும் இருந்தார்கள். இருந்தும் மனு ஏற்கப்பட்டது.

நிறுவனத்தின் தலைவர் கார்ல் லிண்ட்னர் இரண்டு கட்சிகளுக்கும் நன்கொடை கொடுத்தவர். செனட் சபையில் குடியரசுக் கட்சியின் தலைவராக இருந்த பாப் டோல் அவருடைய விமானங்களில் பயணம் செய்தார், வாழைப்பழ விவகாரத்தில் அரசு கடுமை காட்ட வேண்டும் என்று வற்புறுத்தவும் செய்தார். ஆட்சியில் இருந்தது ஜனநாயகக் கட்சி. 1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அரசு இந்த வழக்கை விசாரிக்கக் குழு அமைக்கும்படி உலக வர்த்தக அமைப்பைக் கேட்டது. மறுநாளில் தொடங்கி, லிண்ட்னரும் அவருடைய அதிகாரிகளும் ஜனநாயகக் கட்சியின் மாநிலக் கிளைகளுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள் என்று டைம் இதழ் 2000-இல் எழுதியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது அரசுத் தரப்பின் பதில். கொடுத்ததும் வாங்கியதும் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டவைதான். நீங்கள் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டு வெளியே மரத்தடியில் காத்திருக்கிறீர்கள் அல்லவா, இந்த மனு அந்த வரிசையில் நிற்கவே இல்லை. நான் பார்க்கும் வித்தியாசம் அதுதான்.

இடையில் இன்னொன்றும் நடந்தது. கொலம்பியாவும் கோஸ்டாரிகாவும் ஐரோப்பாவோடு தனியாகப் பேசி, தங்களுக்கென்று ஒரு கோட்டா வாங்கிக்கொண்டன. வாழை விளைவிக்கும் நாடுகளில் சிலவே சமாதானம் ஆகிவிட்டன என்றால் பிரச்சினை அங்கேயே தணிந்திருக்க வேண்டும். அமெரிக்க அரசோ 1995-இல் அந்த இரண்டு நாடுகள் மேலேயே விசாரணை தொடங்கியது. சமாதானம் ஆனதுதான் அவர்கள் செய்த குற்றம்.

வழக்கில் அமெரிக்கா ஜெயித்தது. 1997-இல் ஐரோப்பிய விதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஈக்வடார், குவாத்தமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய நாடுகளும் வழக்கில் சேர்ந்திருந்தன, அவர்களுக்கும் உண்மையான குறை உண்டு. அதனால்தான் இந்த வழக்கை எடுத்தேன். பணத்தின் செல்வாக்கு என்றால் பொய்யை உண்மையாக்குவது என்றே நாம் நினைக்கிறோம். அதற்குப் பொய் தேவையே இல்லை. குறை உள்ளவர்கள் ஆயிரம் பேர் இருக்க, அவர்களில் யாருடைய குறையை ஒரு நாடு தன் குறையாக எடுத்துக்கொண்டு உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனிவா வரை போய் வாதாடுகிறது என்பதைத் தீர்மானித்தாலே போதும்.

அந்த ஜெனிவா அறைக்குள் நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவில்லை. செயின்ட் லூசியா அப்போது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த தீவு. சர்வதேச வணிகச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் படையை அரசாங்கச் சம்பளத்தில் வைத்துக்கொள்ள அதற்கு வசதி இல்லை. தனியார் வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்டு விசாரணைக்கு வந்தது. அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை, உட்காரக் கூடாது என்று வழக்குத் தொடுத்தவர்கள் ஆட்சேபித்தார்கள். 1996 செப்டம்பரில் விசாரணைக் குழு அந்த வழக்கறிஞர்களை வெளியே அனுப்பிவிட்டது. ஒரு தீவின் வயிற்றுப்பாட்டைப் பற்றிப் பேசும் அறையில் அந்தத் தீவின் வழக்கறிஞர்களுக்கு நாற்காலி இல்லை. மேல்முறையீட்டில், 1997-இல், அந்தத் தடை விலகியது. ஆனால் முதல் சுற்று அவர்கள் இல்லாமலே முடிந்திருந்தது.

ஐரோப்பா விதியைச் சரியாக மாற்றவில்லை என்று 1999-இல் 19 கோடியே 14 லட்சம் டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மேல் அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது. கைப்பை, படுக்கை விரிப்பு, பேட்டரி, குளியல் பொருள்கள் என்று வாழைப்பழத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத சரக்குகள். அவற்றை இறக்குமதி செய்து பிழைத்த அமெரிக்கச் சிறு வியாபாரிகள் தங்கள் அரசாங்கத்தாலேயே அடிபட்டார்கள். அவர்களும் மனு போட்டுப் பார்த்தார்கள்.

இனி செய்திக்கு வருவோம். எந்த நிருபரும் விலை போனதாக நான் சொல்லவில்லை. உலகமெங்கும் பத்திரிகைகள் இதை ‘அமெரிக்கா–ஐரோப்பா வாழைப்பழப் போர்’ என்றே எழுதின. தலைப்பு எளிது, இரண்டு தரப்பு அதிகாரிகளும் போன் போட்டால் கருத்துச் சொல்வார்கள், அதில் தவறான தகவலும் கிடையாது. ஆனால் அந்தத் தலைப்புக்குள் நிறுவனத்துக்கும் இடமில்லை, தீவுக்காரனுக்கும் இடமில்லை.

ஒரு பத்திரிகை உள்ளே போய்ப் பார்த்தது. சின்சினாட்டி என்கொயரர், சிகீட்டாவின் சொந்த ஊர்ப் பத்திரிகை. 1998 மே 3 அன்று 18 பக்கச் சிறப்பு இணைப்பு போட்டது. தோட்டத்தில் தெளிக்கும் மருந்துகள், வெளிப்பார்வைக்குத் தனி நிறுவனங்களாக வைத்து ரகசியமாக நடத்தியவை, கொலம்பியாவில் கொடுத்த லஞ்சம் என்று பல விஷயங்கள். இரண்டு மாதத்துக்குள் அதே பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு, ஒரு கோடி டாலருக்கு மேல் நிறுவனத்துக்குக் கொடுத்தது. காரணம், நிருபர்களில் ஒருவரான மைக் கேலகர் சிகீட்டாவின் குரல் அஞ்சல்களை அனுமதி இல்லாமல் திறந்து கேட்டிருந்தார். அது குற்றம், நீதிமன்றத்தில் அவரே ஒப்புக்கொண்டார், தண்டனையும் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு பேச்சு முழுக்க நிருபர் செய்ததைப் பற்றியே ஆனது. நிறுவனம் செய்ததைப் பற்றிய கேள்விகள் பின்னால் போய்விட்டன. கொலம்பியச் சுங்க அதிகாரிகளுக்கு அதன் கிளை நிறுவனம் பணம் கொடுத்த விவகாரத்தில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2001-இல் சிகீட்டாவுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. கொலம்பியாவின் ஏ.யு.சி. என்ற ஆயுதக் கும்பலுக்கு 1997 முதல் 2004 வரை 17 லட்சம் டாலர் கொடுத்த வழக்கில் 2007-இல் அந்த நிறுவனமே குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டரைக் கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்த 18 பக்கங்களைத் தொடர்ந்து இன்னும் நான்கு பத்திரிகைகள் கொலம்பியாவுக்கு ஆள் அனுப்பியிருந்தால் இது எத்தனை வருடம் முன்பே தெரிந்திருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இதே நிறுவனம் யுனைடெட் ஃப்ரூட் என்ற பெயரில் இருந்தபோது வேலை வேறு விதமாக நடந்தது. குவாத்தமாலாவில் அரசு மாறி நிலச் சீர்திருத்தப் பேச்சு வந்ததும், மக்கள் தொடர்பு நிபுணர் எட்வர்ட் பெர்னேஸ் 1952 ஜனவரியில் பத்திரிகை உரிமையாளர்களையும் நிருபர்களையும் இரண்டு வாரம் அந்தப் பகுதியைச் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார். போனவர்களில் நியூஸ்வீக் பதிப்பாளரும் உண்டு, மேலே சொன்ன சின்சினாட்டி பத்திரிகையின் பதிப்பாளரும் உண்டு. கம்யூனிச அபாயம் பற்றிய செய்திகள் தொடர்ந்து வந்தன. 1954-இல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. அந்த அரசைக் கவிழ்த்தபோது அமெரிக்க வாசகர்களுக்கு அது அதிர்ச்சியாக இல்லை.

தர்மம் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்குக் கடினமானது. லிண்ட்னர் தன் ஊருக்கு வாரிக் கொடுத்தவர். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரிக்கே அவர் பெயர்தான். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் போய் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்க மாட்டேன். ஆனால் 2020-இல் மரியான் பெர்ட்ராண்ட், ரேமண்ட் ஃபிஸ்மன் உள்ளிட்ட பொருளியல் ஆய்வாளர்கள் அமெரிக்க நிறுவன அறக்கட்டளைகளின் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒரு எம்.பி. தங்களுக்கு வேண்டிய நாடாளுமன்றக் குழுவில் இடம்பெற்றால், அவருடைய தொகுதித் தொண்டு அமைப்புகளுக்கு அந்த நிறுவனம் தரும் பணம் கூடுகிறது. இன்னொரு ஆய்வில், நிறுவனத்திடம் பணம் வாங்கிய தொண்டு அமைப்புகள், அதே நிறுவனம் கருத்துச் சொல்லும் அரசு விதிமுறைகள் மேல் தாங்களும் கருத்துச் சொல்வது அதிகம் என்று தெரிந்தது. இரண்டு கடிதங்களின் வாசகங்களும் ஒத்துப்போகின்றன. படிக்கிற அதிகாரிக்கோ அவை இரண்டு தனிக் குரல்கள். தர்மம் செய்வதை நான் குறை சொல்லவில்லை. வணிகம், விதிமுறை பற்றித் தொண்டு அமைப்பு ஒன்று பேசினால், அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பதும் அதே பக்கத்தில் அச்சாக வேண்டும் என்கிறேன்.

அப்புறம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். 2001 ஏப்ரலில் சமரசம் வந்தது, தண்டனை வரிகள் நீங்கின. சிகீட்டா அந்த நவம்பரிலேயே திவால் மனு கொடுத்து, கடன்காரர்களோடு பேசி மீண்டு வந்தது. 2009-இல் ஜெனிவாவில் இறுதி ஒப்பந்தம் போட்டு லத்தீன் அமெரிக்கப் பழத்தின் வரியை டன்னுக்கு 114 யூரோவாகப் படிப்படியாகக் குறைத்தார்கள். தீவுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழையை விட்டுவிட்டன. மிச்சமிருந்தவர்களில் பலர் சங்கமாகச் சேர்ந்து, விவசாயிக்கு நியாய விலை போகிறது என்று காட்டும் நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரையோடு பிரிட்டன் கடைகளுக்கு அனுப்பித் தாக்குப்பிடித்தார்கள்.

நீங்கள் போடும் ஜி-9 ரகமும் சிகீட்டா விற்கும் பழமும் ஒரே கேவண்டிஷ் வகை. உங்கள் பகுதியில் காய் வெட்ட வருகிற ஏற்றுமதி நிறுவனங்கள் விலையை எப்போது, யார் முன்னால் பேசுகின்றன, எழுத்தில் ஏதாவது தருகின்றனவா, தரம் இல்லை என்று கழித்த காய்க்கு யார் பொறுப்பு என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். பேர் போட வேண்டாம் என்றால் போடவில்லை. இங்கேயே வெளியிடுகிறேன்.