அரை வீடு கட்டினாலும் அஸ்திவாரம் முழு வீட்டுக்குப் போடுங்கள்

கேள்வி: சாத்தூர் அருகே எங்களுக்கு இரண்டு சென்ட் நத்தம் மனை இருக்கிறது, கரிசல் மண். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் ஒதுக்கீடாகியுள்ளது. ஐந்து பேருக்கு அந்தத் திட்டத்தின் 360 சதுர அடி வீடு போதாது. கையிருப்பு 60,000 ரூபாய். தனியாரிடம் 24 சதவீத வட்டிக்கு 3 லட்சம் வாங்கி, 650 சதுர அடியாகக் கட்டிவிடலாமா? நானும் மனைவியும் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறோம்.

பதில்: அந்தக் கடனை வாங்க வேண்டாம். ஐந்தாண்டுத் தவணையில் மாதம் சுமார் 8,630 ரூபாய் வீதம், மொத்தம் ஏறத்தாழ 5,18,000 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். மழைக்காலத்தில் தீப்பெட்டி வேலை குறையும், தவணை குறையாது.

சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் 2004-இல் அரவேனா என்ற கட்டடக் கலைஞரின் குழு, குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியத்துக்குள் நிலமும் வீடும் தர வேண்டிய நெருக்கடியில், சிறிய வீடு கட்டாமல் நல்ல வீட்டின் பாதியைக் கட்டியது. சமையலறை, குளியலறை, மாடிப்படி, தாங்கும் சுவர்கள் என்று குடும்பத்தால் பின்னாளில் தனியாகச் செய்ய முடியாதவற்றை முதலில் முடித்துக் கொடுத்தது. மீதியை மக்கள் தாங்களே கட்டிக்கொண்டார்கள். உங்களுக்கும் இதுவே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

கரிசல் மழையில் உப்பும், கோடையில் பிளக்கும். ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய சுவர் விரிசல் விடாமல் நிற்காது. பின்னாளில் பழைய சுவரை ஒட்டிப் புது அறை கட்டினால், இரண்டும் வெவ்வேறாக அமிழ்ந்து இணைப்பில் பிளவு விழும். ஆகவே ஊராட்சி ஒன்றியப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டி ஒப்புதல் பெற்று, உங்கள் 60,000 ரூபாயை முதலில் மண்ணுக்குள் போடுங்கள்: முழு வீட்டுக்குமான அஸ்திவாரமும் பிளின்த் பீமும் (அஸ்திவாரத்தின் மேல், சுவருக்கு அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம்) இப்போதே அமையட்டும், சுவரும் தளமும் 360 சதுர அடிக்கு மட்டும் எழும்பட்டும்.

அடுத்த அறைக்கு வாசல் வரப்போகும் இடத்தில் இப்போதே லிண்டல் (வாசலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் கான்கிரீட் விட்டம்) போட்டு, அதன் கீழே செங்கல் வைத்து அடைத்துவிடச் சொல்லுங்கள். பிறகு செங்கல்லை மட்டும் பெயர்த்தால் வாசல் கிடைத்துவிடும். பின்னாளில் புதுத் தளத்தோடு இணைப்பதற்காகத் தளத்தின் ஓரத்தில் நீட்டிவிடும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் (நீரில் கரைத்த சிமென்ட்) பூசி, சிமென்ட் குறைவாகக் கலந்த கான்கிரீட்டால் மூடுவது அவசியம். வெறுமனே விட்டால் துருவேறிவிடும்.

குழியை மூடுவதற்கு முன் ஆழம், அகலம், கம்பியின் கனம் ஆகியவற்றை அளந்து எழுதி, படமெடுத்து, பட்டாவோடு சேர்த்து வையுங்கள். அடுத்த அறையைக் கட்ட வரும் கொத்தனார் முதலில் கேட்பது அதைத்தான்.