ராட்டினத்துக்குக் கீழே நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு நான்கு வயது. இளையவன் பிறந்து இருபது மாதம் ஆகிறது. பெங்களூரில் இருக்கும் என் நாத்தனார் இந்த மே மாத விடுமுறையில் எங்கள் எல்லோரையும் பிடதியில் உள்ள வொண்டர்லா பொழுதுபோக்குப் பூங்காவுக்கு அழைத்திருக்கிறார். என் கணவருக்கு மிகுந்த ஆசை. “நமக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும்” என்கிறார். என் மாமியாருக்கு, அதாவது அத்தைக்கு, இதில் விருப்பம் இல்லை. “இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ராட்டினம்?” என்று கேட்கிறார். போன வைகாசியில் குடியாத்தத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மனின் சிரசை ஊர்வலமாகக் கொண்டு வரும் சிரசுத் திருவிழாவுக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனோம். போனது முதல் திரும்பியது வரை அழுதாள். இவ்வளவு பணம் செலவழித்துப் போய் அங்கேயும் அழுதால் என்ன செய்வது? இந்த வயதில் பார்ப்பது பிற்பாடு நினைவில் நிற்குமா?

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது சென்னையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா அழைத்துப் போனார்கள். அப்பாவால் பணம் கட்ட முடியவில்லை. இன்றுவரை அப்படி ஓர் இடத்துக்குள் நான் போனதில்லை. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள். அத்தையையும் கட்டாயம் அழைத்துக்கொண்டு போங்கள். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் குடியாத்தம். அங்கே உங்கள் மகள் அழுததை அவளுடைய குறையாக நினைக்காதீர்கள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு வரும் தெருவில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும். உச்சி வெயில், உடைபடும் சூறைத் தேங்காய்கள், நெருக்கித் தள்ளும் கூட்டம். தோளில் தூக்கி வைத்திருந்தால் பிள்ளையின் காதுக்கு நேராக மேளம். இறக்கிவிட்டால் அவள் கண்ணுக்குத் தெரிவது முழங்கால்கள் மட்டும். மூன்று வயதில் வேறு என்ன செய்வாள்? ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அழத் தொடங்கும் முன்பு அவள் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள், அல்லது உங்கள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் அழுவதற்கு முன்பே நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். நாம்தான் சாமி பார்க்கும் அவசரத்தில் கவனிப்பதில்லை.

அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒரு பூங்காவில் கரடி வேடம் போட்ட ஒருவர் பிள்ளைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அசையாத கண், அண்டா அளவுக்குத் தலை. என் மகள் என் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வேட்டியைக் கசக்கிப் பிடித்தாள். ஒரு புகைப்படம் எடுக்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முன்னால் தள்ளினேன். அவள் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. நான் செய்யாததை அந்தக் கரடி வேடக்காரர் செய்தார். பத்தடி பின்னால் போனார். தரையில் உட்கார்ந்தார். முதுகைக் காட்டிக்கொண்டு மெல்ல அந்தத் தலையைக் கழற்றி மடியில் வைத்தார். உள்ளே இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பையன். முடியெல்லாம் வியர்வையில் நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. அவன் திரும்பி இவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான். இவள் அழுகையை நிறுத்திவிட்டு அவன் தண்ணீர் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வேடம் வேறு, ஆள் வேறு என்று தெரியாது. சிரித்துக்கொண்டே இருக்கிற, இமை கொட்டாத ஒரு முகத்துக்கு அது பயப்படுவதே இயல்பு. அந்தப் பையனுக்கு வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ இருந்திருக்க வேண்டும்.

அன்று நான் அப்படி நடந்துகொண்டதற்குக் காரணம் டிக்கெட். இவ்வளவு கொடுத்து உள்ளே வந்திருக்கிறோம், எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம். உங்களிடம் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். வாசலில் கொடுத்த பணத்தைக் கொடுத்த இடத்திலேயே மறந்துவிடுங்கள். அதைப் பிள்ளையிடமிருந்து வசூலிக்காதீர்கள். மகள் ஒரே குதிரை ராட்டினத்தில் ஐந்து தடவை ஏற வேண்டும் என்றால் ஏறட்டும். சின்னவன் குளத்துக்குள் இறங்காமல், கால் கழுவும் தொட்டியிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் அதுவே அவனுடைய பூங்கா. மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் துவண்டுவிட்டால், மாலைவரை நேரம் இருக்கிறதே என்று பார்க்காமல் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் கணவரிடமும் நாத்தனாரிடமும் இதை முன்கூட்டியே பேசி ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். அங்கே போன பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை வொண்டர்லாவில் பிள்ளைகளுக்கு வயதுக் கணக்கு இல்லை, உயரக் கணக்குத்தான். 85 செ.மீ.க்குக் குறைவான பிள்ளைக்கு டிக்கெட் இல்லை. அதற்கு மேல் 140 செ.மீ. வரை சிறுவர் டிக்கெட். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி இரண்டு வயதுப் பிள்ளையின் சராசரி உயரம் ஏறக்குறைய 87 செ.மீ., நான்கு வயதில் 103. உங்கள் மகன் கோட்டுக்குக் கீழே இருக்கக்கூடும். வீட்டுச் சுவரில் நிற்கவைத்து அளந்துவிட்டுப் புறப்படுங்கள். மகளை அளப்பது இன்னும் முக்கியம். பெரிய ராட்டினங்களில் ஏற 140 செ.மீ. வேண்டும், பத்து வயதுப் பிள்ளைகளிலேயே பாதிப் பேருக்கு மேல் அந்த உயரம் இருக்காது. வரிசையின் முன்னால்வரை போய்த் திருப்பி அனுப்பப்படுவதைப் போல ஒரு பிள்ளைக்கு அவமானம் வேறு இல்லை. அவளுக்கு எதெல்லாம் உண்டு, எதெல்லாம் இல்லை என்பதை முதல் நாள் இரவே கதையாகச் சொல்லிவிடுங்கள்.

பயணத்தைப் பற்றி. காட்பாடியிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து பிடதி, மைசூர் சாலையில் இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை கார் பிடித்துப் போய் அன்றிரவே திரும்பிவிடலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். முதல் நாள் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் ரயிலில் டிக்கெட் வேண்டாம், ஆனால் தனி இருக்கையும் கிடைக்காது, மடியில்தான். வண்டி ஜோலார்பேட்டையை நெருங்கும்போது ஏலகிரி மலையைக் காட்டுங்கள். இரவு நாத்தனார் வீட்டில் பிள்ளைகள் நன்றாகத் தூங்கட்டும். ஒன்று, இரண்டு வயதில் ஒரு நாளுக்குப் பதினொன்று முதல் பதினான்கு மணி நேரத் தூக்கம் வேண்டும். அதில் மதியத் தூக்கமும் சேர்த்தி. அந்த மதியத் தூக்கத்தைப் பூங்காவில் எங்கே தூங்கவைப்பது என்பதுதான் அன்றைய நாளின் பெரிய கேள்வி. ராட்டினங்கள் எத்தனை என்பது அதற்கப்புறம். நிழலும் காற்றும் இருக்கிற, பாட்டுச் சத்தம் எட்டாத ஓர் இடத்தை உள்ளே நுழைந்ததும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய பருத்திப் புடவையை எடுத்துப் போங்கள். விரிக்கவும் போர்த்தவும் துடைக்கவும் அது உதவும். சின்னவன் இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான் என்றால் பாலூட்டும் அறை எங்கே என்று வாசலிலேயே கேளுங்கள். தமிழ்நாட்டில் 2015-லேயே பேருந்து நிலையங்களில் அப்படி அறைகள் திறந்துவிட்டார்கள். கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வெயிலைப் பற்றி வெயிலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் நம் ஊர்க் கத்திரி வெயில் அங்கே இல்லை. ஆனால் அதனாலேயே ஏமாந்துபோவோம். உடலின் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் தோலின் பரப்பு அதிகம். வெயிலில் சீக்கிரம் சூடாவார்கள், தண்ணீரில் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். மகள் தண்ணீரில் ஆடும்போது உதட்டைப் பாருங்கள். நிறம் மங்கி, தாடை நடுங்கினால் “இன்னும் கொஞ்ச நேரம்” என்று அவளே கெஞ்சினாலும் தூக்கித் துடைத்துவிடுங்கள். சிமென்ட் தரை சுடும், செருப்பைக் கழற்றவிடாதீர்கள். மே மாதத்தில் அங்கே பிற்பகலில் இடிமழை வருவது வழக்கம். காலையிலேயே போய்விடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தண்ணீரில் ஒரு விதியை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். சின்னவன் எப்போதும் ஒரு பெரியவரின் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண் எட்டும் தூரம் போதாது. மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. சத்தமே இல்லாமல், முழங்கால் அளவுத் தண்ணீரிலும் அது நடந்துவிடும். “எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்” என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். இந்த அரை மணி நேரம் அப்பா, அடுத்த அரை மணி நேரம் அத்தை என்று ஆளைச் சொல்லி ஒப்படையுங்கள். ஒப்படைக்கப்பட்டவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

காணாமல் போவதற்கும் ஒரு முன்னேற்பாடு உண்டு. திருவண்ணாமலை தீபத்தின்போது காவல்துறையினர் பிள்ளைகள் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டி அனுப்புகிறார்களே, அதையே நீங்களும் செய்யுங்கள். தண்ணீரில் அழியாத பேனாவால் கையிலேயே எழுதினாலும் சரி. காலையில் புறப்படும்போது அன்றைய உடையில் இரண்டு பேரையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பெங்களூர் பயணத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தி மிருகக்காட்சிசாலைக்குப் போய் வாருங்கள். வேலூரிலிருந்து 25 கிலோமீட்டர்தான். மானும் மயிலும் முதலையும் இருக்கின்றன. காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் பிள்ளைகள் எத்தனை மணி நேரம் தாங்குகிறார்கள், பசித்தால் யார் முதலில் சிணுங்குகிறார்கள், நடந்தால் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பூங்காவுக்கும் அதே அளவுதான்.

நினைவில் நிற்குமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்காது. மூன்று, மூன்றரை வயதுக்கு முன்பு நடந்தவற்றில் பெரியவர்களுக்கு நினைவிருப்பவை மிக மிகக் குறைவு. மகளுக்கு ஏதாவது ஒன்றிரண்டு தங்கலாம், மகனுக்கு எதுவும் தங்காது. என் மகளுக்கு அந்தக் கரடியும் நினைவில்லை, தண்ணீர் குடித்த பையனும் நினைவில்லை. ஆனால் நாம் அவர்களுக்கு நினைவில் நிற்பதற்காகவா தினமும் நிலாச்சோறு ஊட்டுகிறோம்? அன்றைய நாள் அவர்களுக்கு நன்றாக இருந்தால் அது போதும்.

நினைவில் நிற்கப்போவது உங்களுக்குத்தான். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது எட்டாம் வகுப்புச் சுற்றுலாவைப் பற்றிய அந்தச் சில வரிகளை. எதுவும் தெரியாததால் கேட்கிறேன் என்று சொல்வதற்காக அதை எழுதினீர்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. உங்களுக்கு ஆசை இருக்கிறது. பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, கணவரின் பெயரைச் சொல்லி அதைச் சுற்றி வருகிறீர்கள். ஏன் ஒளிக்க வேண்டும்?

வால்ட் டிஸ்னி தம் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு அழைத்துப் போவாராம். அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள், இவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ்கிற ஓர் இடம் இருக்க வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது என அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். 1955 ஜூலையில் டிஸ்னிலாண்டைத் திறந்தார். ஆக, அந்தப் பூங்காவின் முதல் எண்ணமே ராட்டினத்துக்குக் கீழே சும்மா உட்கார்ந்திருந்த ஒரு பெற்றவருடையது. நம் வீடுகளில் அந்த இடத்தில் எப்போதும் அம்மாக்கள்தான் நிற்கிறார்கள். ஒரு தோளில் ஈரத்துண்டு, மறு தோளில் பை, இடுப்பில் பிள்ளை, கையில் எல்லோருடைய செருப்பும். மாலையில் புகைப்படங்களைப் பார்த்தால் ஒன்றில்கூட அவர்கள் இருப்பதில்லை.

அத்தையை அழைத்துக்கொண்டு போகச் சொன்னது இதற்காகத்தான். இடுப்பில் இருக்கிற பிள்ளைக்கு எதற்கு ராட்டினம் என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதை அவரிடமே சொல்லுங்கள். “நீங்கள் சொல்வது சரிதான் அத்தை, அவனை நீங்கள் நிழலில் வைத்துக்கொள்ளுங்கள், நான் ஒரு மணி நேரம் போய் வருகிறேன்” என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவருக்கும் ஆசை இருந்தால் நீங்கள் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் போய் வரட்டும்.

இன்னொன்று. தண்ணீர்ப் பகுதியில் பருத்தி உடையோடு இறங்கவிட மாட்டார்கள். நைலான் போன்ற துணியில் நீச்சல் உடை வேண்டும். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் வாங்கிவிட்டு, நமக்கு எதற்கு என்று விட்டுவிடுவீர்கள். பிறகு நாள் முழுக்கக் கரையில்தான் நிற்க வேண்டியிருக்கும். கை முழுக்க, கால் முழுக்க மூடும்படியாகவே கிடைக்கிறது. லாங் பஜார் பக்கம் போகும்போது முதலில் உங்கள் அளவுக்கு ஒன்று வாங்குங்கள்.

அன்புடன்.