பயிற்சியில் மாண்டவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானியர் கொழும்பில் குண்டு வீசியதைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் பாடசாலை வரலாற்று மன்றத்தில் வாசித்தோம். அன்று குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஹரிக்கேன் விமானங்களில் கிளம்பி மாண்டவர்களையும், பயிற்சிப் பறப்பில் விழுந்து இறந்தவர்களையும் நீங்கள் ஒன்றாகவே குறிப்பிட்டிருந்தீர்கள். எதிரியைக் கண்ணாலும் காணாதவர்களைப் போரில் மாண்டவர்களோடு சேர்ப்பது முறையா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். கொழும்பு லிவரமெந்து மயானத்திலுள்ள போர்க் கல்லறைகளைப் பற்றி ஒரு கையேடு தயாரிக்கிறோம். அத்தகையவர்களை அதில் எப்படிக் குறிப்பது?

க., வெள்ளவத்தை

அன்புள்ள ஆசிரியைக்கு,

மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழு இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசெம்பர் 31 வரை படைச் சேவையில் இருக்கும்போது இறந்த எவரையும், குண்டடியா, காய்ச்சலா, விபத்தா என்று பிரிக்காமல், போரில் இறந்தவராகவே அது கணக்கில் எடுக்கிறது. கல்லில் பெயர், பதவி, படைப்பிரிவு, திகதி, வயது ஆகியவற்றோடு குடும்பத்தார் விரும்பிய ஒரு வாசகமும் இருக்கலாம். இறந்த விதம் இருக்காது. அதிகாரிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான்.

இந்த விதி சரியானது என்பதே என் எண்ணம். பிரித்தானியாவின் குண்டுவீச்சுப் படையணியில் பறந்த சுமார் 125,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். அவர்களுள் 8,000க்கும் மேற்பட்டோர் பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். அமெரிக்க இராணுவ விமானப்படையோ எதிரி விமானம் அரிதாகவே எட்டிப் பார்த்த தன் சொந்த மண்ணிலேயே சுமார் 15,000 பேரை விபத்துகளில் பறிகொடுத்தது. இத்தனை பேர் இறந்ததை வெறும் துரதிர்ஷ்டம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முன்னணிப் படைகளில் ஓடித் தேய்ந்த வெலிங்டன், விட்லி விமானங்களே பெரும்பாலும் பயிற்சிப் பிரிவுகளுக்குத் தள்ளிவிடப்பட்டன. முன்பின் அறியாத விமானி, வழிகாட்டி, வானொலி இயக்குநர், குண்டு எறிபவர், பின்பக்கத் துப்பாக்கியாளர் ஆகியோரை ஒரு கொட்டகையில் கூட்டி, தங்களுக்குள் ஒரு குழுவாகச் சேர்ந்துகொள்ளுமாறு விட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர். அந்தக் குழு விளக்குகள் அணைக்கப்பட்ட நாட்டின் மேல், முகிலுக்குள், வரைபடத்தையும் கணக்கையும் நம்பி இரவில் பறக்க வேண்டும். வழி சற்றே பிசகி, உயரமும் குறைந்துபோனால் எதிரே மலை. வேல்ஸிலும் யோர்க்ஷயரிலும் அப்படி மோதிய விமானங்களின் உடைந்த பாகங்கள் இன்னும் மேடுகளில் கிடக்கின்றன. இழப்பு வரும் என்று தெரிந்தே அவசரப்பட்டார்கள், அவசரப்படுத்தியது போர்.

இலங்கையிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. புத்தளத்திலும் கட்டுக்குருந்தையிலும் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளங்கள் இருந்தன. வவுனியாவிலிருந்து போஃபைட்டர் என்ற போர் விமானங்கள் பறந்தன. இங்கிருந்து இயங்கிய கோர்செயார் என்ற போர் விமானத்தில் விமானி வெகுவாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்திருப்பார். தரையிறங்கும் வேளையில் நீண்ட மூக்கு ஓடுபாதையையே மறைத்துவிடும் என்பதால், விமானந்தாங்கிக் கப்பலில் இறங்குபவர்கள் நேராக வராமல் வளைந்து வந்து, கடைசிக் கணத்தில்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. இதைப் பழகும்போது இறந்தவரும் போரின் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

இன்னொன்றையும் மாணவர்களுக்குக் காட்டலாம். போர்க் கல்லறைகளில் சில இடங்களில் கற்கள் இடைவெளியின்றி ஒன்றையொன்று தொட்டு நிற்கும். விமானத்தோடு எரிந்துபோனவர்களைத் தனித்தனியே பிரித்தறிய முடியாதபோது ஒன்றாகப் புதைத்து அப்படி நிறுத்துவதுண்டு. எதிரியால் வீழ்ந்த குழுவுக்கும் தானாக விழுந்த குழுவுக்கும் அங்கே வித்தியாசம் தெரியாது.

இறந்தவர்களுள் எவரை நினைவுகூரலாம், எவரை நினைவுகூரக் கூடாது என்று பிறர் தீர்மானிப்பதன் வலி இந்த நாட்டில் நமக்குப் புதிதல்ல. அந்தத் தராசை நாமே கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் ஒரு விடயத்தில் நான் ஆணைக்குழுவோடு ஒத்துப்போகவில்லை: இறந்த விதத்தைச் சொல்லாமல் விடுவது மயானத்துக்குப் பொருந்தும், உங்கள் கையேட்டுக்குப் பொருந்தாது. எல்லோருக்கும் 'வீரமரணம்' என்று எழுதிவிட்டால், தேய்ந்த விமானத்தைக் கொடுத்தவரும் அரைகுறைப் பயிற்சியோடு அனுப்பியவரும் தப்பிவிடுவார்கள்.

ஆகவே முதலில் ஆணைக்குழுவின் இணையப் பதிவேட்டில் மயானத்தின் பெயரைத் தேடி, ஒரே திகதியையும் ஒரே பிரிவையும் கொண்ட பெயர்களைச் சேர்த்துப் பாருங்கள். அவர்கள் ஒரே விமானத்தில் போனவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை உறுதிப்படுத்த, லண்டனில் கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பிரித்தானியாவின் ரோயல் விமானப்படைப் பிரிவுகளின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன. உறுதியான பின்னர், பதவி வரிசையைப் பாராமல் குழுவினர் எல்லோரையும் ஒரே பக்கத்தில் போட்டு, கீழே 'பயிற்சிப் பறப்பின்போது விமானம் விழுந்து இறந்தார்கள்' என்று எழுதுங்கள். உறுதிப்படாதவர்களுக்குத் திகதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.