பிள்ளை வரத்துக்கு டாக்டரிடம் போவதா, திருப்புல்லாணிக்குப் போவதா?

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் குழந்தை இல்லை, வேண்டுதலால் கரு தங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். ஆனால் இரண்டு இடத்துக்கும் உங்கள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரைப் பக்கம். பிள்ளை வரம் கேட்க இந்தக் கடற்கரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஏர்வாடி தர்காவுக்கு இந்துக்களும் நேர்ந்துகொண்டு போவார்கள். ஓரியூர் அருளானந்தர் கோயிலில் சிவப்பு மணல் எடுத்து வருவார்கள். சேதுக்கரையில் கடலாடிவிட்டு, திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் நாகர் கல்லை நட்டு நாகப் பிரதிஷ்டை செய்து பால் பாயசம் சாப்பிடுவார்கள்.

என் மதினியோடு நானும் திருப்புல்லாணிக்குப் போயிருந்தேன். அரசமரத்தடியில் வரிசை வரிசையாக நாகர் கற்கள், எண்ணெய்ப் பிசுக்கும் மஞ்சளுமாக. "இத்தனை பேருக்கா இந்தக் கவலை?" என்றார் மதினி. வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அன்றைக்குத்தான் வாய்விட்டுப் பேசினார். மாதாமாதம் ஏமாந்து போகிறவருக்கு அந்தத் தெம்பு சின்ன விஷயமில்லை.

கரு தங்குவதற்கும் வேண்டுதலுக்கும் தொடர்பு உண்டு என்று நிரூபணமாகவில்லை. 2001-ல் ஓர் ஆய்வு வந்தது. தென்கொரியாவில் ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறையில் கருத்தரிக்கும் சிகிச்சை) செய்துகொண்ட பெண்களுக்காக எங்கோ இருந்தவர்கள் பிரார்த்தித்தார்களாம், கரு தங்குவது ஏறக்குறைய இரட்டிப்பானதாம். பின்னால், அதை எழுதிய மூவரில் ஒருவர் வேறொரு மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இன்னொருவர் தன் பெயரையே அதிலிருந்து எடுத்துக்கொண்டார். யாராவது அதைக் காட்டினால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. தலபுராணப்படி திருப்புல்லாணியில் பிள்ளை வரம் கேட்டவர் தசரதன். ஆம்பளை! நம் வீடுகளிலோ விரதமும் பெண்ணுக்கு, ஸ்கேனும் பெண்ணுக்கு. அண்ணனுக்கு விந்தணுப் பரிசோதனை என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்புள்ளைக்கு என்ன குறை?" குறை இருந்தது, அதற்குச் சிகிச்சையும் இருந்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. பெண்ணுக்குச் செய்யும் பல சோதனைகளைவிட விந்தணுப் பரிசோதனை எளிது. 2 முதல் 7 நாள் உறவு இல்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருடம் முயன்றும் தங்காவிட்டாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். நீங்கள் ஏற்கெனவே தாமதம், இனியும் தள்ளிப்போடாதீர்கள். ஃபோலிக் அமில மாத்திரையைக் கரு தங்கும் முன்பே தொடங்க வேண்டும், தினம் 400 மைக்ரோகிராம். அப்புறம், தங்கிவிட்டால் பச்சைத்தண்ணீர்கூடப் படாத விரதம் வேண்டாம். பாக்கி வேண்டுதலைப் பிள்ளை பிறந்த பிறகு தீர்த்துக்கொள்ளலாம், சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. ஓரியூர் மணலை நெற்றியில் பூசிக்கொள்ளுங்கள். யார் சொன்னாலும் தண்ணீரில் கலந்து குடிக்காதீர்கள்.