ஸ்கேலும் பிளேடும்

கேள்வி: என் மகள் இசையில் முதுகலை படிக்கிறாள். பிங்க் ஃப்ளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைப் பற்றி ஆய்வேடு எழுதப் போகிறாளாம். ஐம்பது வருடப் பழைய ராக் பாட்டில் ஆராய என்ன இருக்கிறது?
– எஸ்.எம்., நாகர்கோவில்

பதில்: நிறைய இருக்கிறது, தடுக்காதீர்கள். 1973 மார்ச்சில் வந்த தட்டு. 1988 வரை அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரம் இருந்தது. அதில் முதலிடம் ஒரே ஒரு வாரம்தான்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பாட்டு வரிகளைப் பிடித்துக்கொள்வார்கள். காலம், பணம், சாவு, பைத்தியம், 1968-ல் மனம் நலிந்து குழுவிலிருந்து விலகிய சிட் பாரெட். தப்பில்லை. ஆனால் ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய அந்த வரிகளுக்கு உரையாசிரியர் தேவையில்லை, நேராகவே புரியும். மகளை ஸ்டூடியோ பக்கம் அனுப்புங்கள்.

நான் பன்னிரண்டு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் டேப் வெட்டியவன். மிஷின் நொடிக்குப் பதினைந்து அங்குலம் ஓடும். பாடகர் விட்ட ஒரு மூச்சை எடுக்க, ரீலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, 'உஸ்' என்று கேட்கும் இடத்தில் பென்சில் கோடு போட்டு, பிளேடைச் சாய்த்து வைக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் தாளம் நொண்டும். ஒருமுறை பல்லவியின் முதல் எழுத்தையே வெட்டிப் போட்டுவிட்டு, குப்பைக்கூடையைக் கிளறி எடுத்து ஒட்டினேன்.

அதனால் 'மனி' பாட்டின் தொடக்கத்தில் என் காது பிளேடைத்தான் தேடும். சில்லறை, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி என ஏழு சத்தங்கள். ஒவ்வொன்றையும் டேப்பில் ஸ்கேல் வைத்து அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி, வளையமாக ஒட்டினார்கள் என்று டிரம்மர் நிக் மேசன் சொல்லியிருக்கிறார். வாட்டர்ஸின் மனைவி மண் பிசைய வைத்திருந்த பாத்திரத்தில்தான் சில்லறை விழுந்ததாம். ஏழு துண்டு, ஏழு அடி. மிஸ்ர சாபுவுக்குத் தொடை தட்டிப் பழகியவர்கள் முதல் சுற்றிலேயே பிடித்துவிடுவார்கள். சாக்ஸஃபோன் வாசிப்பும் அந்த ஏழில்தான். கில்மோரின் கிட்டார் நுழையும்போது நாலுக்கு மாறும். அதுவரை எண்ணிக்கொண்டிருந்த கால் அங்கே தானாகவே தட்ட ஆரம்பிக்கும். அப்புறம் மறுபடி ஏழு.

எல்பி தட்டில் இது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு. முதல் பக்கம் சாவைப் பற்றிய பாட்டில் முடியும். எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட்டால் கல்லாப்பெட்டி! செல்போனில் கேட்பவர்களுக்கு அந்த நாலு அடி நடை கிடையாது.

அந்தச் சாவுப் பாட்டு மகளுக்கு ஒரு முழு அத்தியாயம் தரும். பியானோ, ரிச்சர்ட் ரைட். 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவுக்கு கிளேர் டோரி என்ற பாடகியை வரவழைத்தார்கள். வார்த்தையே வேண்டாம் என்றார்கள். தன்னை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு பாடினார். கூலி 30 பவுண்டு. தட்டில் இசையமைப்பாளராக ரைட் பெயர் மட்டும். 2004-ல் டோரி வழக்குப் போட்டார். மறு வருடம் கோர்ட்டுக்கு வெளியே சமரசமாகி, அதன்பின் வந்த பதிப்புகளில் அவர் பெயரும் ஏறியது. அன்று அவர் செய்தது பாடியதா, இசையமைத்ததா? இதற்கே அறுபது பக்கம் எழுதலாம்.

கேள்வி: அதே ஆல்பத்தின் அட்டையில் பட்டகத்திலிருந்து வரும் நிறங்கள் ஆறுதானே?
– வி.ஆர்., கும்பகோணம்

பதில்: ஆறுதான். கருநீலம் இல்லை. எண்ணிப் பார்த்தீர்களே, சபாஷ்.

கேள்வி: 'தி விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்தை ஊமையாக ஓடவிட்டு இந்த ஆல்பத்தைப் போட்டால் காட்சிக்குக் காட்சி பொருந்துகிறதாமே?
– பி.ஜே., சேலம்

பதில்: தட்டு 43 நிமிடம், படம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மீதிக்கு என்ன செய்வீர்கள், மறுபடி முதலிலிருந்து போடுவீர்களா? மேசனிடமும் இதைக் கேட்டார்கள். சுத்த அபத்தம், நாங்கள் எல்லாவற்றையும் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தை வைத்துத்தான் செய்தோம் என்றார்.